எல்லாச் சாவிகளும் மதுரையில்

மருத்துவ நூலகர் சங்கத்தின் ஆறாவது ஆண்டுக் கூட்டத்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்துவிட்டார்கள். செயலாளர் பேச்சிமுத்து வாசலில் நின்று எண்ணிப் பார்த்தான். நம்பமுடியாமல் மறுபடியும் எண்ணினான்.

சங்கம் பிறந்தது ஒரு டீக்கடையில். பொது நூலகர்களின் மாநாடு ஒன்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான்கு பேர், மேடையில் யாரும் தங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாததால் எழுந்து வெளியே வந்தார்கள். நான்கு பேரும் மருத்துவக் கல்லூரி நூலகர்கள். டீ ஆறுவதற்குள் சங்கத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. வளர்வதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் இரண்டு வருஷமும் கூட்டத்துக்கு ஐந்து பேரைத் தாண்டவில்லை. மற்றவர்கள் லீவு கிடைக்கவில்லை என்று கடிதம் போட்டார்கள்.

மூன்றாம் வருஷம் பேச்சிமுத்துவின் மனைவி ஒச்சம்மாள் பிரசவத்தில் போனாள். பிள்ளையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு நாகமலை புதுக்கோட்டை வாடகை வீட்டில் சாயங்காலங்களில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவன் அஞ்சலட்டை எழுதினான். பதில் வராதவர்களுக்கு மறுபடி எழுதினான். சங்கம் வளர்ந்தது.

வெளிநாட்டு இதழ்களுக்கு அரசு பணத்தைக் குறைத்தபோது வழி சொன்னவனும் அவன்தான். ஒரே இதழை எல்லாரும் வாங்குவானேன்? பங்கு போட்டுக்கொள்வோம். ஒரு இதழை இரண்டு கல்லூரிகள் வாங்கினால் போதும். மற்றவர்கள் கேட்டால் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பட்டும். திட்டம் பிடித்துக்கொண்டது. பத்து நாளில் கட்டுரை கைக்கு வந்துவிடும். டாக்டர்களும் பழகிவிட்டார்கள்.

இந்த வருஷம் தனிச் சம்பள விகிதம் கேட்டு அரசுக்கு மனுக் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. எல்லா உறுப்பினரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும், சாக்குச் சொல்பவர் சங்கத்துக்கு வேண்டாதவர் என்று பேச்சிமுத்து கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருந்தான். அதனால்தான் இந்தக் கூட்டம்.

ஞாயிற்றுக்கிழமை. பேச்சிமுத்து வேலை பார்த்த மதுரை மருத்துவக் கல்லூரியின் பின்கட்டு வராந்தாவில் இலை போட்டிருந்தது. சிம்மக்கல் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு.

"ஏன் தம்பி, மதுரைக்காரங்க மனுசனக் கொல்றதுக்குன்னே மொளகா போடுவீங்களா?" என்றார் தஞ்சாவூர் நாகரத்தினம். சங்கத்திலேயே மூத்தவர். கண்ணில் தண்ணீர் வழிய ரசத்துக்குக் கை நீட்டினார்.

"காரம் சாப்ட்டாத்தாண்ணே டாக்டருக கிட்டப் புக்கத் திருப்பிக் கேக்க ரோசம் வரும்" என்றான் பேச்சிமுத்து.

"டாக்டரு புக்கத் திருப்பிக் குடுக்கிற அன்னைக்கு நான் மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன். இதோ, முடி தானாவே கொட்டிப் போச்சு. புக்கு வரல."

வரிசை முழுக்கச் சிரித்தது. பேச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை என்றாலும் உதடு அசைந்தது. அது போதும் என்று அவன் பழகியிருந்தான்.

அப்போதுதான் வார்டிலிருந்து டாக்டர் கண்ணுச்சாமி வந்தார். இளம் டாக்டர். வேகமாக நடந்து வந்தவர் இலைகளைப் பார்த்ததும் நின்றார்.

"பேச்சிமுத்து, ஒரு நிமிசம் வர்றீங்களா?"

பரவைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வார்டில் கிடக்கிறாள் என்றார். தங்கப்பொண்ணு. நேற்றுக் கண்வலிக் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று அவித்துத் தின்றிருக்கிறாள். செங்காந்தள் கொடியின் கிழங்கு அது. விஷம். வாந்தி நிற்கவில்லை, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது.

"இதே கிழங்கு சாப்ட்ட ஒருத்தரப் பொழைக்க வச்சிருக்காங்க. வெப்பமண்டல மருத்துவ இதழ்ல வந்துச்சு. போன வருசமோ, அதுக்கு முன்ன வருசமோ. இங்க வர்றதுக்கு முன்னாடி படிச்சிருக்கேன். என்ன குடுத்தாங்க, எம்புட்டுக் குடுத்தாங்கன்னு நெனப்பு வரமாட்டேங்குது. எடுத்துத் தாங்க."

அந்த இதழைப் பேச்சிமுத்து மூன்று வருஷத்துக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தான். பங்கு போட்டதில் அது சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் போயிற்று.

"நம்மகிட்ட இல்ல சார்."

"யார்ட்ட இருக்கு? போன் போட்டுக் கேப்பம். சங்கம் வச்சிருக்கீங்கள்ல?"

பேச்சிமுத்து திரும்பிப் பார்த்தான். சென்னைக்காரர் மூன்றாவது இலையில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த இலையில் நாகரத்தினம்.

"அந்த ரெண்டு பேருகிட்ட" என்றான்.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அப்ப அங்க வேற யாரு இருக்கா?" என்று கேட்டார்.

யாரும் இல்லை. காணாமல்போகும் புத்தகத்துக்கு நூலகர்தான் பொறுப்பு. அதனால் எந்த நூலகரும் சாவியை இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. வெளியூர் போனால் சாவியும் கூடவே போகும். அந்தத் தொழிலில் அது எழுதாத சட்டம். விஷயத்தைக் கேட்ட நாகரத்தினம் எச்சில் கையோடு எழுந்து, இடது கையால் சட்டையைத் தூக்கினார். அரைஞாண் கயிற்றில் சாவி தொங்கியது. சென்னைக்காரரின் சாவி அவர் பையில் இருந்தது. வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் தன் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தமிழ்நாட்டு மருத்துவ நூலகங்கள் அத்தனையும் அந்த வராந்தாவில் பூட்டிக் கிடந்தன.

முன்பெல்லாம் இப்படி ஆகியிருக்காது. கூட்டத்துக்கு வராதவர் யாராவது ஊரில் இருப்பார்.

கல்லூரி முதல்வர் அறைத் தொலைபேசியிலிருந்து ஆபரேட்டர் வழியாகச் சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் அவசர டிரங்கால் போட்டார்கள். சென்னையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தஞ்சாவூரில் காவல்காரர் எடுத்தார். நாகரத்தினம் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார்.

"யோவ், லைப்ரரிப் பூட்ட ஒடைய்யா! நான் சொல்றேன், ஒடை!"

மறுமுனையில் பேசியது வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "நீங்க நாகரத்தினம் சார்தான்னு எனக்கு எப்டித் தெரியும்? அந்த ஆளு சாவிய மாமியாருக்குக்கூடக் காட்டமாட்டாரே."

கத்தினார், கெஞ்சினார். லைன் அறுந்தது. மறுபடி போட்டபோது யாரும் எடுக்கவில்லை.

"நானே போறேன் தம்பி" என்றார் நாகரத்தினம். முகூர்த்த நாள். ஸ்டாண்டில் ஒரு டாக்சிகூட இல்லை. பேச்சிமுத்து அவரைத் தன் சைக்கிளில் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு போய்த் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். கை கழுவ நேரமில்லாமல் அவர் விரல்களில் பருக்கைகள் காய்ந்திருந்தன.

"தொறந்ததும் அப்டியே புக்கத் தூக்கிட்டுத் தந்தி ஆபீசுக்குப் போயிர்றேன். அங்கேர்ந்து போன்ல படிக்கிறேன். நீ போன் பக்கத்துலயே இரு."

"இருக்கேண்ணே."

பஸ் கிளம்பவில்லை. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சிமுத்து போய்க் கேட்டான். "ஆள் ஏறட்டும்ணே" என்றார் டிரைவர்.

அவன் திரும்பி வந்தபோது கூட்டம் தொடங்கியிருந்தது. வேறு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மனுவில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவனும் போட்டான். பிறகு வார்டுக்குப் போனான்.

வார்டு வாசலில் தரையில் தங்கப்பொண்ணின் புருஷன் மொக்கையன் உட்கார்ந்திருந்தான். பேச்சிமுத்துவின் வயதுதான் இருக்கும். ஆளைப் பார்த்ததும் எழுந்தான்.

"நீங்கதான் புத்தகத்துக்காரரா? டாக்டரய்யா சொன்னாக. வைத்தியம் புத்தகத்துல இருக்காம்ல?"

"ஆள் போயிருக்காரு."

"எங்கிட்டு?"

"தஞ்சாவூருக்கு."

மொக்கையன் யோசித்தான். "பரவைக் கெழங்குக்கு வைத்தியம் அம்புட்டுத் தூரத்துலயா இருக்கு?"

அந்த இதழ் முன்பு இங்கேயே, மாடியில், ஜன்னலோர அலமாரிக்கு வந்துகொண்டிருந்தது என்று பேச்சிமுத்து சொல்ல நினைத்தான்.

"வேலியோரத்துல வெட்டுன கெழங்கு சார். எனக்கும் ரெண்டு எடுத்து மூடி வச்சிருந்தா. வயல்ல தண்ணி கட்டிட்டு வர நேரமாகிப் போச்சு. இல்லாட்டி நானும் தின்னிருப்பேன்." வார்டுக் கதவைப் பார்த்தான். "தின்னிருக்கலாம்."

பேச்சிமுத்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். இந்தத் தரை அவனுக்குத் தெரியும். பிரசவ வார்டின் தரையும் இதே சிவப்புதான். உட்கார்ந்திருப்பவனிடம் யார் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது என்பதும் தெரியும்.

வெயில் சாயும்போது டாக்டர் கண்ணுச்சாமி வெளியே வந்தார். மொக்கையனைப் பார்க்காமல் பேச்சிமுத்துவைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார். உள்ளே ஓடிய மொக்கையனின் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

"அந்தக் கட்டுரை வந்திருந்தா?" என்று பேச்சிமுத்து கேட்டான்.

"தெரியல" என்றார் டாக்டர். "அதுதான் தெரியல." கைகழுவும் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

பேச்சிமுத்து முதல்வர் அறைக்கு வந்தபோது வராந்தாவில் இலைகளை எடுத்திருந்தார்கள். உறுப்பினர்கள் அவரவர் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டிருந்தார்கள், சாவிகளோடு. தஞ்சாவூருக்குத் தகவல் சொல்ல வழியில்லை. நாகரத்தினம் இன்னும் பஸ்ஸில் இருப்பார். பேச்சிமுத்து தொலைபேசிக்கு எதிரில் உட்கார்ந்தான்.

விளக்குப் போட்டு வெகுநேரம் கழித்து மணி அடித்தது.

"தம்பி! கெடச்சிருச்சு! பேப்பர் எடுத்துக்க!" நாகரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது. "நான் படிக்கிறேன், நீ எழுது. ஒரு எழுத்து விடாம எழுது."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அவர் படிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தெரியாத மருந்துப் பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அளவுகளை இரண்டு முறை சொன்னார். பேச்சிமுத்து எழுதினான். நடுவில் ஆபரேட்டர் குரல் வந்தது. "மூணு நிமிசம் ஆச்சு சார், நீட்டவா?"

"நீட்டும்மா, நீட்டு! உசுரு விசயம்!" என்று நாகரத்தினம் கத்தினார்.

அடிக்குறிப்பையும் விடாமல் படித்து முடித்தார். "எழுதிட்டியா?"

"எழுதிட்டேண்ணே."

"பொண்ணு எப்டி இருக்கு?"

பேச்சிமுத்து எழுதிய காகிதத்தை இரண்டாக மடித்தான்.

"என்ன நீ, நின்னுக்கிட்டே இருக்க? மொதல்ல டாக்டர்ட்டக் குடு. ஓடு. நான் லைன்லயே இருக்கேன்."

"சரிண்ணே."

ரிசீவரை மேஜைமேல் வைத்தான். அதிலிருந்து அவர் மூச்சு வாங்குவது மெல்லக் கேட்டது. காகிதத்தைக் கையில் பிடித்தபடி கதவு வரைக்கும் போனான். அதற்கு மேல் போக இடமில்லை. அங்கேயே நின்றான்.