மிச்சம் மூன்று

"நாலுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு போயிருச்சு. மிச்சம் மூணும் நல்லாப் பொறக்கும்லா, தைரியமாப் பெத்துக்க."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் முருகையா, பஞ்சாலையிடம் விரலை மடக்கிக் காட்டிச் சொன்னது இது. அவளுடைய மகன் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயில், மாதாமாதம் இரத்தம் ஏற்றியும் ஐந்து வயதில் செத்துப் போனான். டாக்டர் மலாய் மொழியில் சொன்னதை முருகையாதான் தமிழில் சொன்னார். அதை நம்பித்தான் இப்போது அவளுக்கு ஒன்பது வாரக் கர்ப்பம்.

டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் நீலாவதி, பஞ்சாலையின் தாய்மாமனும் கணவனுமான நல்லசாமியைப் பார்த்தே பேசினாள்.

"இந்தப் பிள்ளைக்கும் அந்த நோய் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு."

பஞ்சாலைக்கு உச்சந்தலை சுட்டது. "என்னப் பாத்துச் சொல்லுங்க மிஸ்ஸி. வயிறு என்னோடது. அந்த ஒண்ணுதான் போயிருச்சே, இதுக்கு எப்படி வரும்?"

நீலாவதி பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். "மன்னிச்சுக்கம்மா. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் நாலுல ஒண்ணு. போன பிள்ளை இதுல சேராது."

பஞ்சாலை கூட வந்திருந்த முருகையாவைத் திரும்பிப் பார்த்தாள். "வாரம் தவறாம லாட்டரி நம்பர் எடுக்கிறீங்களே, போன வாரம் விழுந்தது இந்த வாரம் விழாதா? என் பிள்ளைக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அழுதுக்கிட்டே இருந்தியேம்மா. ஆறுதலுக்குச் சொன்னேன்."

"ஆறுதல் நான் கேட்டேனா?"

"விடு புள்ள," என்றான் நல்லசாமி. "அய்யா நமக்கு எவ்வளவோ செஞ்சிருக்காரு."

"சும்மா இருங்க மாமா. ஊசி குத்துறப்பல்லாம் பிள்ளைய அமுக்கிப் பிடிச்சது நான். நீங்க வெளிய பீடி பிடிச்சிக்கிட்டு நின்னீங்க. ரெண்டு பேரும் போங்க."

போனார்கள். நீலாவதி நிதானமாகச் சொன்னாள். இரண்டு வாரத்தில் கோலாலம்பூரில் வயிற்றில் ஊசி விட்டு, கருவுக்கு நோய் உண்டா என்று பரிசோதனை செய்யலாம். அந்த ஊசியால் கரு கலையும் ஆபத்து கொஞ்சம் உண்டு. செய்யாமலும் இருக்கலாம். நோய் இருப்பது தெரிந்தாலும் பெற்றுக்கொள் என்றோ வேண்டாம் என்றோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பஞ்சாலை ஆத்திரம் தீர அழுதாள்.

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

"நான் சொன்னா, அதுவும் டிரஸ்ஸர் சொன்ன மாதிரி ஆயிடும்."

அதற்கும் கோபம்தான் வந்தது. ஆனால் இது பொய் சொல்லாத வாய் என்று பட்டது. மூக்கைச் சிந்தி நிமிர்ந்தாள்.

"கோலாலம்பூருக்குக் கடுதாசி எழுதுங்க. தெரிஞ்சிக்கிட்டு நானே சொல்றேன். முடிவு சொல்ற அன்னிக்கி மட்டும் அந்த டிரஸ்ஸர் ஆளு இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது."