ஒரே கழுத்தில் இரண்டு ஊசி

கால்நடை டாக்டரம்மா கொட்டிலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். போன முறை உள்ளே நுழைந்தபோது கிடா முட்டிய முட்டில் அவருக்கு ஞானம் பிறந்திருந்தது. அதனால் ஆட்டுக்காரி ஒவ்வொரு ஆடாக இழுத்துவந்து, கம்பிக்கு நடுவே தலையை நீட்டவைத்து, பேரைச் சொல்வாள். டாக்டரம்மா கழுத்து மயிரை வழித்து, ரத்தம் எடுத்து, குப்பியில் பேரை ஒட்டுவார்.

பக்கத்துப் பண்ணையில் குடலை அரிக்கும் தீராத நோய் வந்திருந்தது. அதற்கு மருந்து கிடையாது. ரத்தத்தில் தெரிந்தால் அந்த ஆட்டை மந்தையிலிருந்து கழித்துக்கட்ட வேண்டியதுதான்.

ஆட்டுக்காரிக்கு ஒல்லியை நினைத்துத்தான் பயம். அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஒல்லி, பேருக்கேற்றபடி எலும்பும் தோலுமாக நின்றது. புருஷனின் செல்லமான குண்டம்மாவோ வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. "ஆடுன்னா இது ஆடு. உன்னோடது துணி காயப்போடற கொடி" என்று அவர் தினமும் வம்பிழுப்பார். அந்தக் கோபத்துக்கு அவள் குண்டம்மாவைத் திட்டித்தீர்ப்பாள்.

குண்டம்மாவுக்கு எடுத்தாயிற்று. அடுத்தது ஒல்லி. புருஷன் தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்து, ஆட்டுக்காரி குண்டம்மாவையே ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து மறுபடி தலையை நீட்டவைத்தாள்.

"இது ஒல்லி" என்றாள். தின்று கொழுத்தவளுக்கு நோய் ஏது என்பது அவள் கணக்கு. இரண்டும் ஒரு தாய் பெற்ற கறுப்பு. வெளியே தெரிவது தலையும் கழுத்தும்தான், ஆட்டுக்கு எவ்வளவு கொழுத்தாலும் முகத்தில் சதை போடாது.

"அட, முன்னாடியே மயிர் வழிச்சு வெச்சுட்டீங்களா? எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எனக்கு வேலையே சுலபம்!" என்றார் டாக்டரம்மா.

ஆட்டுக்காரி அடக்கமாகத் தலைகுனிந்தாள். குண்டம்மாதான் ஊரைக் கூட்டியது.

சில நாள் கழித்து டாக்டரம்மா நேரிலேயே வந்தார். "ரெண்டு ஆட்டுக்கு நோய் இருக்கு. குண்டம்மா, ஒல்லி."

"பாத்தியா! உன் கொடிதான் என் தங்கத்துக்கு ஒட்ட வெச்சிருக்கு!" என்று குதித்தார் புருஷன்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. வெளிய கொழுகொழுன்னு இருந்தாலும் இந்த நோய் உள்ள இருக்கும். வண்டிக்குச் சொல்லிட்டேன், ரெண்டையும் ஏத்திடுங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒல்லி வண்டியேறும். திறந்தால் மானம் கப்பலேறும். மானமே ஏறட்டும் என்று ஆட்டுக்காரி முடிவு செய்தாள்.

"டாக்டரம்மா, ரெண்டு குப்பியிலயும் குண்டம்மா ரத்தந்தான்."

டாக்டரம்மாவுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. "அப்போ அந்த மயிரை வழிச்சது நானா? அதுக்கா உங்களைப் பாராட்டினேன்!"

வந்த கோபத்தில் கிடாவைக்கூட மறந்து கொட்டிலுக்குள் நுழைந்தார். கிடாவே ஒதுங்கி வழிவிட்டது. ஒல்லியைத் தானே பிடித்து ரத்தம் எடுத்தார், வாயையும் திறந்து பார்த்தார். "கடைவாய்ப் பல்லு உடைஞ்சு கெடக்கு. மெல்ல முடியாத ஆடு எப்படிம்மா தேறும்?" இத்தனை கொஞ்சியவள் வாய்க்குள் ஒருநாளும் பார்த்ததில்லையே என்று ஆட்டுக்காரி கூசிப்போனாள்.

ஒல்லிக்கு நோயில்லை என்று முடிவு வந்தது. குண்டம்மாவுக்கு வண்டி வந்தது. புருஷன் அதைத் தடவிக்கொடுத்து ஏற்றினார். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் தினமும் திட்டித்தீர்த்த அந்த ஆட்டுக்காக அவளுக்குத்தான் முதலில் அழுகை வந்தது, அடக்கவே முடியவில்லை.

புருஷன் துண்டை நீட்டினார். "போதும், மூக்கைத் துடை. உன் ஒல்லி பாத்தா தப்பா நெனச்சுக்கும்."