இரண்டு வரியில் எழுதிய விலை

காதுக்காரனுக்கு விலை எழுதத் தெரியாது என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். வரட்டுமே! உண்மையைத்தானே சொல்கிறோம். ஒலிபெருக்கிகளைச் சீராக்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயரே வந்தது. ஆனால் கொட்டேஷன் எழுத உட்கார்ந்தால் போதும், மனிதனுக்கு மூளை கழன்றுவிடும்.

பேருந்து நிலையத்துக்கு அவன் எழுதிய லட்சணத்தைப் பாருங்கள். அங்கே அறிவிப்பு ஒன்றும் புரியவில்லை என்று பயணிகள் சண்டைக்கு வந்ததால் மேலாளர் இவனைக் கூப்பிட்டிருந்தார். முதல் தடவை, நிலையம் காலியாக இருக்கும்போது, நாலாயிரம். இரண்டாம் தடவை, கூட்டம் இருக்கும்போது, நாலாயிரம். நியாயமான விலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எட்டாயிரம் என்று ஒரே வரியில் எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா?

மேலாளர் பேனாவை எடுத்து இரண்டாவது வரியை அடித்தார்.

"ஒரு வேலைக்கு எதுக்குய்யா ரெண்டு கூலி?"

"சார், காலியா இருக்கறப்ப எதிரொலி ஜாஸ்தி. அதுக்காகச் சத்தத்தை இறக்கி வைக்கணும். ஆளுங்க வந்துட்டா அவங்க உடம்பே பாதி சத்தத்தைக் குடிச்சிடும், இரைச்சல் வேற. அப்ப திரும்பத் திருத்தணும்."

"குடிச்சா குடிக்கட்டும். நாலாயிரம்னா செய். இல்லேன்னா ஆளா இல்ல ஊர்ல?"

ஆறு மாதமாக வீட்டில் வருமானம் என்ற பேச்சே இல்லை. காதுக்காரன் தலையை ஆட்டிவிட்டான்.

ஞாயிறு விடிகாலையில் வேலை முடிந்தது. ஈ, காக்கை இல்லாத கூடத்தின் நடுவில் நின்று கேட்ட மேலாளர், "பிரமாதம்யா!" என்றார். நாளைக் காலைக் கூட்டத்தில் இது எடுபடாது என்று காதுக்காரனுக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இப்போது அது காதைக் குத்தும், மனிதர் அந்த நாலாயிரத்திலும் கை வைப்பார். வாயை மூடிக்கொண்டு காசை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை அதே நிலையத்துக்கு மனைவியோடு வந்தான். அவளுக்குப் பக்கத்து நகரத்து மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அன்று பதினோரு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று உத்தரவிலேயே அச்சடித்திருந்தார்கள். எட்டரை வண்டியை விட்டால் நேரத்துக்குப் போய்ச்சேர வேறு வண்டி இல்லை.

எப்போதும்போல் மூன்றாவது நடைமேடையில் நின்றார்கள். கால் வைக்க இடமில்லை. எட்டு இருபதுக்குத் தலைக்கு மேல் ஒலிபெருக்கி எதையோ முனகியது.

"என்னங்க, என்ன சொன்னாங்க?"

அவனுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. நேற்றுத் தன் கையால் திருத்திய ஒலிபெருக்கி! புரியவில்லை என்று அவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

"நம்ம வண்டி இல்ல. பேசாம நில்லு."

"உங்க காதை மிஞ்ச வேற யாரு இருக்கா," என்று அவள் சிரித்துவிட்டு உத்தரவைப் பைக்குள் பத்திரமாகச் செருகினாள்.

எட்டரைக்கு அவர்களுடைய வண்டி, அன்று மாற்றி அறிவித்திருந்த ஏழாவது நடைமேடையிலிருந்து கிளம்பி, வாசலில் திரும்பியது. அவள்தான் முதலில் பார்த்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அவனும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். வண்டி நிற்கவில்லை.

அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. அவங்க சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு அறிவிப்பு அறைக்கு மாடிப்படி ஏறினான். யாரையும் கேட்கவில்லை. அறிவிப்பாளரை நகரச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே கூட்டத்தைக் கேட்டபடி, ஒலிக் குமிழ்களைத் திருப்பினான்.

மேலாளர் ஓடி வந்தார். "ரெண்டாவது தடவைக்குச் சல்லிக்காசு கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்!"

"அதுக்கு நாங்க குடுத்தாச்சு சார்."

மேலாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அறிவிப்பாளர் மைக்கை இழுத்து, நகரத்துக்கு அடுத்த வண்டி பத்தரை மணிக்கு மூன்றாவது நடைமேடையிலிருந்து கிளம்பும் என்று சொன்னார். அத்தனை இரைச்சலிலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. கீழே ஜனங்கள் மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது நடைமேடைக்கு நடந்தார்கள்.

அவளுக்கும் கேட்டது. அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.