யாருக்கும் வேண்டாத வரி

கூட்டிப் பெருக்குவதில் எனக்கு ஒரு வெறி உண்டு. மூடி தொலைந்த டப்பா, மை தீர்ந்த பேனா, எதையும் விட்டுவைக்க மாட்டேன். அதனால்தான் எங்கள் கம்பெனியின் ஆக்சிஜன் மெஷின்களுக்குள் ஓடும் கெர்னலில், அதாவது அடிப்படை நிரலில், குவிந்து கிடந்த செத்த டிஃபைன்களை எடுக்கும் வேலையை, யாரும் தராமலே இழுத்துப் போட்டுக்கொண்டேன். டிஃபைன் என்பது வேறொன்றுமில்லை, நிரலின் தலைமாட்டில் எழுதிவைக்கும் ஒரு பெயர். அந்தப் பெயர் இருந்தால் கீழே சில பகுதிகள் மெஷினுக்குள் போகும், இல்லாவிட்டால் போகாது. இருபது வருடமாக வந்துபோனவர்கள் எல்லாம் ஆளுக்கு நாலு பெயரை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொன்றையும் மொத்த நிரலிலும் தேடுவேன். வேறெங்கும் வரவில்லையா, வெட்டு. மூன்று வாரத்தில் நானூற்றுப் பதினொன்று போயிற்று. நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றிக் கட்டும் கம்பைலர் ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். புதுப் பதிப்பு எதுவானாலும் முதல் நாள் எங்கள் ஆட்களின் வீட்டு மெஷின்களுக்குத்தான் போகும். அடுத்தவன் வீட்டில் சோதித்துப் பார்க்காதே என்பது முதலாளியின் கண்டிப்பு. அன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பத்தொன்பது வீடுகளுக்குப் போயிற்று.

மூன்று பத்துக்குச் சோதனைப் பிரிவுக்காரன் என் மேசைக்கு வந்தான். எந்த இடுக்கில் பிழை இருந்தாலும் நோண்டி எடுப்பதால் அவனுக்கு ஆபீசில் மூட்டைப்பூச்சி என்று பெயர்.

"அக்கா, மூணாம் மாடல்ல டியூப மடக்கிப் பிடிச்சேன். அலாரம் வரல."

"சரியா மடக்கியிருக்க மாட்டே."

"அஞ்சு தடவ பாத்துட்டேன்கா. வாயே தொறக்கல. பழைய பதிப்புன்னா ஊரையே கூட்டுது."

அந்தப் பத்தொன்பதில் மூன்றாம் மாடல் ஒன்றே ஒன்றுதான். அது என் அப்பாவுடையது. டியூப் இல்லாமல் குளியலறை வரை போய்வந்தாலே அவருக்கு உதடு நீலம் பாரித்துவிடும். நான் வேலைக்கு வந்துவிட்டால் வீட்டில் அவர் மட்டும்தான்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரிக்குப் போட்டேன். அவள் மாடிக்கு ஓடிப்போய்த் தட்டியது எனக்கே கேட்டது.

"உள்தாப்பா போட்டிருக்குக்கா. மெஷின் கத்தல. நல்லாத் தூங்குறாரு போல."

'அதால கத்த முடியாது, கதவ உடை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னும் உறுதியாகத் தெரியாதே என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. தப்பு என்னுடையது என்று ஒரு தையல்காரியிடம் சொல்ல நாக்கு எழவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். மூன்றாம் மாடலின் அலாரப் பகுதியை எழுதிய மகாபுத்திசாலி, தான் வைத்த பெயரைத் தலைமாட்டில் தவிர வேறெங்கும் முழுசாக எழுதவில்லை. மாடல் எண் ஒரு துண்டு, அலாரம் என்பது ஒரு துண்டு. கம்பைல் ஆகும்போதுதான் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு பெயராகும். முழுப்பெயரைத் தேடியவளுக்கு எப்படிக் கிடைக்கும்? ஒட்டிவந்த பெயர் தலைமாட்டில் இல்லையென்றால் கம்பைலர் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் அதுவும் வாய் திறக்கவில்லை. அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி என்ன, வெட்டியது நான்.

தையல்காரிக்கு மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அவள் தையல் மெஷினை மோட்டாரில் ஓட்டுகிறவள், உட்கார்ந்துவிட்டால் போன் காதில் விழாது. ஆம்புலன்சுக்குச் சொன்னேன். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். நானே கிளம்பினால் ஒன்றேகால் மணி நேரம்.

மேனேஜர் ஓடிவந்தார். "பழைய பதிப்பையே திருப்பி அனுப்பும்மா!"

"இப்ப இருக்கிற பதிப்பவிடக் கீழ் எண்ண மெஷின் வாங்காது சார். வெட்டுன வரியப் போட்டுப் புதுசாத்தான் கட்டணும்."

"ஒரு வரிதானே?"

"ஒரு வரிதான். மொத்தத்தையும் கட்டி முடிக்க இருபத்திரண்டு நிமிஷம்."

வரியைத் திரும்பப் போட நாலு விநாடி ஆயிற்று. அப்புறம் திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அப்பா, தையல்காரி, அப்பா, தையல்காரி என்று மாற்றி மாற்றிப் போன் போட்டேன். மூட்டைப்பூச்சி ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினான். "அது எனக்கு எதுக்குடா?" என்று கத்தினேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அழக்கூட இல்லை, ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் தூங்கிக்கொண்டிருக்கட்டும், நான் பண்ணியது வெறும் முட்டாள்தனமாகவே முடிந்துபோகட்டும் என்று கெஞ்சினேன். யாரிடம் கெஞ்சினேன் என்று தெரியாது.

மூன்று ஐம்பதுக்கு அனுப்பினேன். அப்பாவின் மெஷின் அணைந்து எழுந்தது. 'இயங்குகிறது' என்று பச்சையில் வந்தது. மேனேஜர் பெருமூச்சு விட்டார். அடுத்த நொடி அந்த இடம் சிவந்தது. 'குழாயில் அடைப்பு. அலாரம் ஒலிக்கிறது.'

அப்படியானால் அவர் தூங்கவில்லை.

ஒன்பது நிமிடம் கழித்துத் தையல்காரி கூப்பிட்டாள். பின்னால் அலாரம் அலறிக்கொண்டிருந்தது. "கதவ உடைச்சுட்டோம்கா. டியூப் நாற்காலிக் கால்ல மாட்டி நசுங்கியிருக்கு. தரையில கெடந்தாரு. இப்ப எடுத்துவிட்டாச்சு, முழிச்சுப் பாக்குறாரு. பேசணுங்கிறாரு."

அப்பாவின் குரல் நூலாக வந்தது. "தட்டினது கேட்டுச்சும்மா. குரல் குடுக்க மூச்சு வரல. சரி, எப்படியும் மெஷின் கத்தும், அந்தப் பொண்ணு திரும்பி வந்துடும்னு அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அது கத்தவே இல்ல. பழைய மெஷினு. அத நம்பியிருக்கக் கூடாது. நீ என்னம்மா பண்ணுவே?"

பக்கத்தில் மேனேஜர் நின்றார், மூட்டைப்பூச்சி நின்றான். இந்தத் தடவை நாக்கு எழுந்தது.

"மெஷின் மேல தப்பில்லப்பா. அது கத்துறத நான்தான் எடுத்தேன். வேண்டாததுன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. போனை வைக்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.