பெனால்ட்டி கார்னருக்கு முதுகு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஹாக்கி மைதானத்து கேலரியின் மூன்றாவது படி. கிடைத்தபோது மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அதனால் இதில் வரும் முக்கியமான எதையும் நான் பார்க்கவில்லை. எழுதுவதற்கு அது தடை என்று யாரும் சொல்லவில்லை.

முதல் வரிக்கு முயன்றவை:

"ரிச்சர்ட்ஸ் டவுனில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு…" (கொட்டவில்லை.)

"எங்கள் கல்லூரி அணி சிங்கம்போல…" (கை கூசியது.)

2

அணியைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை போன வருட சாம்பியனை ஆறு கோல் போட்டு அனுப்புவார்கள். புதன்கிழமை ஒன்பதே பேரோடு வந்த அணியிடம் தோற்பார்கள். கோல்கீப்பர் க்ளென் கண்ணுக்கே தெரியாத பந்தைத் தடுப்பான். மெல்ல உருண்டு வரும் பந்துக்கு, வயசானவருக்கு விடுவதுபோல், ஒதுங்கி வழிவிடுவான். ஒரு முறை எங்கள் ஆள் அடித்த பந்து சுவரைத் தாண்டி ஆனேக்கல் பஸ்ஸின் கூரையில் விழுந்தது. பஸ் திரும்பி வரும்வரை ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்கள்.

[இது பொய் என்கிறான் தியோடர். விழுந்தது ஓசூர் பஸ்ஸிலாம்.]

3

தியோடர் எதிரிக் கல்லூரிக்காரன். முப்பத்தோரு வருடமாக என் பக்கத்தில் உட்காருகிறான். எங்களுக்கு பெனால்ட்டி கார்னர், அதாவது கோல் போட ஒரு நேரடி வாய்ப்பு, கிடைத்தால் நான் திரும்பி நின்றுகொள்வேன். நான் பார்த்தால் கோல் விழாது. (ஆராய்ச்சி உண்டு. 1994-இல் ஒரு முறை பார்த்தேன். விழவில்லை. ஒன்று போதும்.) பந்து கோலின் பலகையில் படும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், காது மிஷினையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவேன். தியோடர் பார்த்துவிட்டுக் காதருகே வந்து கத்துவான்.

இவனை நம்பலாமா என்று எழுதும்போது யோசித்தேன். வயசு, சுகர், சர்ச்சுக்குப் போனது எல்லாவற்றிலும் பொய் சொல்பவன். இதில் மட்டும் சொன்னதில்லை.

4

போன வருடம் தியோடரின் கல்லூரியோடு ஆடும்போது இரண்டு கோல் முன்னால் இருந்தோம். கடைசி நான்கு நிமிடத்தில் மூன்று வாங்கினோம். நான் படியில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். என் மனைவி ராஜலக்ஷ்மி கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாள்:

"அடுத்த தடவையும் அவங்ககிட்ட தோத்தா அதோட போதும். கிரவுண்டுப் பக்கம் போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"டிரா ஆனா?"

"டிரா ஆனா போய்த் தொலைங்க."

சத்தியம் செய்தேன். சொல்லப்போனால் எனக்கும் அலுத்துவிட்டது. [இந்த வரியை இரண்டு முறை அடித்து நீக்கினேன். திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.]

இந்த வருடம் அவர்களோடு ஆடிய ஆட்டத்தின் இடைவேளையில் சத்தியத்தைத் தியோடரிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. என் தொண்டை பிழைக்கும்" என்றான். கொஞ்ச நேரம் கடலைக்காய் உரித்தான். "அப்ப நான் யாருகூடடா சண்டை போடுறது? என் பையன் கிரிக்கெட் பாக்கறான்."

5

இரண்டுக்கு மூன்று. அவர்கள்தான் மூன்று. கடைசி நொடியில் எங்களுக்கு பெனால்ட்டி கார்னர். மிஷினைக் கழற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

வழக்கமாகத் தியோடர் உடனே சொல்லிவிடுவான். விழுந்தால் "போட்டுட்டானுங்கடா பாவிங்க." விழாவிட்டால் சிரிப்புதான், அது மிஷின் இல்லாமலே கேட்கும். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை. பிறகு காதருகே மூச்சு.

"கோல்."

திட்டே இல்லை.

"எப்படி விழுந்துச்சு?"

"விழுந்துச்சுடா. மூணு மூணு. வா போலாம். மிஷினை அப்புறம் மாட்டிக்கலாம்."

முழங்கையைப் பிடித்து, என்னைத் திரும்பவிடாமல் படியிறக்கினான்.

6

முடிவு (அ): பந்து உள்ளே போனது. தியோடருக்குத் திட்ட மனமில்லை.

முடிவு (ஆ): போகவில்லை. முப்பத்தோரு வருடத்தில் முதல்…

இரண்டையும் முழுசாக எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் நான் வீட்டுக்குப் போய் "டிரா" என்கிறேன். இரண்டிலும் அடுத்த வருடம் இதே படிகளில் ஏற வேண்டியிருக்கிறது, இந்த முட்டியை வைத்துக்கொண்டு.

கேட்டருகே வந்துவிட்டோம்.

"அடுத்த வருஷம் எப்ப வைப்பானுங்க?" என்று கேட்டேன்.

"ஜனவரின்னு பேசிக்கறாங்க" என்றான், கொஞ்சம் அவசரமாக.

ஸ்கோர் போர்டு என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இதைப் படிக்கிற நீங்கள் அந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள். எண் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம். ராஜலக்ஷ்மிக்கும் வேண்டாம்.