வரலைன்னு போடாதீங்க

மாதக் கடைசி வந்தாலே எனக்குக் கோபம் தலைக்கேறும். டாக்டர்கள் ஒரே தட்டில் ஒரு வருடத்துக்கான எல்லா ரத்தப் பரிசோதனைகளையும் கம்ப்யூட்டரில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆள் வந்தாரா, ஊரை விட்டே போய்விட்டாரா, யாருக்கும் கவலை கிடையாது. ஆறு மாதம் தாண்டியும் எடுக்காமல் கிடப்பதை நீக்குவது லேப் கவுண்டரில் இருக்கும் என் தலையில். நீக்குவதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். மீதிப் பேர் என்னை லோன் விற்கிறவள் என்று நினைத்துக் கன்னடத்தில் திட்டுவார்கள்.

போன மாதம் ஜூடித் என்ற பெயர் வந்தது. ஆஸ்டின் டவுன் குழந்தை, ஒன்பது வயது, சிறுநீரகக் கோளாறு. ஊசிக்கு அழாது. ரத்தம் எடுத்து முடியும்வரை என் வளையலைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருக்கும். பல மாதமாகக் காணாததால் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவள் அம்மா பெர்னதெத் போனை எடுத்தாள்.

"லேப்ல இருந்து மெர்சி பேசறேன்க்கா. ஜூடித்தோட பிளட் டெஸ்ட் பெண்டிங்ல இருக்கு. கூட்டிட்டு வர்றீங்களா, இல்ல கேன்சல் பண்ணிடட்டுமா?"

"பண்ணாதீங்க சிஸ்டர். திங்கக்கிழம காலைல வர்றோம். வெறும் வயித்துலதானே?"

"ஆமாக்கா."

திங்கட்கிழமை அவள் மட்டும் வந்து நின்றாள். பாப்பா எங்கே என்று கேட்டேன்.

"ஈஸ்டருக்கு முன்னாடியே போயிட்டா சிஸ்டர். கே.ஜி.எஃப்ல எங்கக்கா வீட்ல இருந்தப்ப. போன்ல சொல்லத்தான் வாயெடுத்தேன். வர்றீங்களான்னு கேட்டதும் எப்பவும் சொல்றதே வந்துடுச்சு. காலைல நானும் சாப்பிடல. நான் சாப்பிட்டா அவளும் கேப்பான்னு, டெஸ்ட் அன்னைக்கு ரெண்டு பேருமே பட்டினிதான்."

ஏதாவது செய்தாக வேண்டுமே என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். எந்த டெஸ்ட்டை நீக்கினாலும் அது காரணம் கேட்கும். முதலில் இருப்பது 'நோயாளி வரவில்லை'. பழக்கதோஷத்தில் அதை வாய்விட்டுப் படித்தபடி அங்கே கையைக் கொண்டுபோனேன்.

"அது வேணாம்." கவுண்டர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வரலைன்னு போடாதீங்க சிஸ்டர். காய்ச்சலோட வந்திருக்கா. பஸ் ஸ்ட்ரைக் அன்னைக்கு நடந்தே வந்திருக்கா. எம்பொண்ணு ஒரு தடவகூட வராம இருந்ததில்ல."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் இறந்துவிட்டாள் என்று போட எனக்கு அதிகாரம் இல்லை. அதற்கு இறப்புச் சான்றிதழை ரெக்கார்டு ஆபீஸில் கொடுக்க வேண்டும். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அந்தப் பேப்பர பீரோல இருந்து எடுக்கவே எனக்கு மனசு வரல" என்றாள்.

மிச்சக் காரணங்களைப் பார்த்தேன். கடைசியில் 'லேப் ஊழியரின் தவறு' என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டால் மேலே விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும் என்று அதையே போட்டு, திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

பையைத் தோளில் மாட்டியவள் போகாமல் நின்றாள்.

"இனிமே போன் பண்ண மாட்டீங்கல்ல?"

"மாட்டோம்க்கா. பேரு லிஸ்ட்ல இருந்து போயிடுச்சு."

"ஸ்கூல்லயும் பேரை எடுத்துட்டாங்க. சர்ச்ல எல்லாருக்கும் தெரியும், பேச்சே எடுக்க மாட்டாங்க. அவ வர்றாளான்னு நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க சிஸ்டர்."

அவளுக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சந்தில் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம்.