கல்யாணக் காரில் கற்பூரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கார்க் கொட்டகையில் நின்றவர்கள் நான்கு பேர்: துணிக்கடை மஹ்மூத் ஹாஜியார், அவர் மனைவி றம்லத், அன்று மாப்பிள்ளையாக இருந்த மகன் பஹ்மி, டிரைவர் வீரையா. தாங்களும் அங்கே நின்றதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் கண்டியில் நாற்பது பேருக்குக் குறையமாட்டார்கள். அவர்கள் யாரும் அங்கே இல்லை.

1934ஆம் வருஷம். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அம்பிட்டியவில் நிக்காஹ். அது முடிந்ததும் பெண்ணை ஹாஜியாரின் காரில் ஏற்றி, திரையை இழுத்துவிட்டு, டவுன் வீட்டுக்கு அழைத்துவருவதாகப் பேச்சு. தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கிய கார் அது. நான்கு பக்கமும் அடைப்பு, பின்கண்ணாடிகளுக்கு நீலத் திரை, டிரைவருக்கும் பின்னால் இருப்பவர்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. முஸ்லிம் வீடுகளில் கல்யாணமென்றால் பெண்ணை ஏற்றுவதற்கு அந்தக் காரைத்தான் கேட்டு வருவார்கள். முஹர்ரம், ஸபர் இரண்டு மாதமும் கல்யாணம் இல்லாததால் கொஞ்சக் காலமாக யாரும் கேட்டு வரவில்லை.

மணமகளுக்காகப் பின்சீட்டில் சரிகைத் துணி விரிக்கப்போன றம்லத், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது என்ன மணம்? சுருட்டுக் கடைக்குள்ள பூந்த மாதிரி ஈக்கிதே!"

"துரை குடிச்ச பழைய மணம். மழைக்குக் கிளம்புது" என்றார் ஹாஜியார்.

"கார் வாங்கி நாலு வருஷம். இவ்வளவு நாளும் அந்த மணம் எங்க போய் ஈந்திச்சி, பஹ்மிட வாப்பா?"

பஹ்மி டிரைவரின் பக்கம் திரும்பினான். "வீரையா, நீயா?"

வீரையா தெல்தோட்டைப் பக்கத்து மனிதன். வெற்றிலையைத் தவிர வேறெதையும் வாயில் வைத்தறியாதவன். ஹாஜியாரை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்காமல், "நாந்தாங்க சின்ன மொதலாளி. மழைக் குளிருக்கு ரெண்டு இழுத்துட்டேன்" என்றான்.

"இனிமே இப்பிடி நடக்கப்படாது" என்றார் ஹாஜியார். அந்த வார்த்தை தம் வாயிலிருந்து வந்ததைத் தாமே கேட்டு அவருக்குக் காது சுட்டது.

ஏனென்றால் குடித்தவர் அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஹஜ்ஜிலிருந்து திரும்பியபோது, இனிச் சிகரட்டைத் தொடுவதில்லையென்று பள்ளிவாசலில் ஜமாஅத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார். அதோடு விடவில்லை. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் என்ற பதவியை வைத்து, பீடி மணக்க வந்த தையல்கார நஸீமை நபி புகழான மௌலூத் ஓதும் வரிசையிலிருந்து எல்லாரும் பார்க்க எழுப்பி அனுப்பினார். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அதே மரைக்கார்தான், கடை சாத்தியதும் திரையை இழுத்துவிட்டு வாவியை இரண்டு சுற்றுச் சுற்றச்சொல்லி, இரண்டு சிகரட் முடித்து, ஏலக்காயை மென்றுகொண்டு வீட்டில் இறங்குவார்.

றம்லத் நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்பை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போனாள். அவள் ஏதாவது பேசியிருக்கலாமென்று ஹாஜியாருக்கு இருந்தது.

"இத எப்பிடிப் போக்குறது?" என்று கேட்டார்.

"சீட்டையெல்லாம் கழட்டி வெயில்ல போடணுங்க. மேல்துணியில வினாகிரித் தண்ணி தொட்டுத் தொடச்சு, தட்டுல கோப்பித்தூள் வச்சு, கதவெல்லாம் தெறந்து போட்டா ரெண்டு நாள்ல போயிரும்."

"அஸருக்கு நான் அம்பிட்டியவில நிக்கணும்."

"அப்ப ஆகுறதப் பாப்போங்க."

வீரையா சீட்டை வெயிலில் போட்டு, கூரைத் துணியை வினாகிரியால் துடைத்தான். ஈரம் பட்டதும் துணிக்குள் ஊறிக்கிடந்த புகையெல்லாம் கிளம்பி, மணம் முன்னைவிட மோசமாயிற்று. நண்பகலுக்கு மேல் ஹாஜியாருக்குப் பொறுமை போய்விட்டது. கடையில் துணி அலுமாரி எதுவும் புழுங்கி மணப்பதில்லை. உள்ளே கற்பூரம் கிடக்கும். அதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். கடையிலிருந்து கற்பூரம் எடுத்துவந்து நொறுக்கி, சீட்டுக்கு அடியிலும் மடிப்புகளிலும் தாமே தூவினார். சாம்பிராணிச் சட்டியையும் உள்ளே வைத்து, கண்ணாடியை இறுக ஏற்றி, அரைமணி நேரம் பூட்டிவைத்தார்.

"தொறந்து போட்டாத்தான் மொதலாளி நல்லது" என்றான் வீரையா.

"நீ சும்மா இரு."

திறந்தபோது சிகரட் மணம் மருந்துக்கும் இல்லை. ஹாஜியார் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டார்.

நிக்காஹ் குறைவில்லாமல் முடிந்தது. மணமகள் ஹிதாயாவை அழைத்துவருமுன், அவளுடைய மாமி உம்மு குல்சும் காரைப் பார்வையிட வந்தாள். கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினாள். நீட்டியது எவ்வளவு வேகமோ அதைவிட வேகமாக வெளியே எடுத்தாள்.

"இன்னாலில்லாஹி! இதில மையித்து ஏத்தி ஈக்கி!"

முற்றத்தில் நின்றவர்கள் காரைச் சுற்றிக் கூடினார்கள்.

"கற்பூரமும் சாம்பிராணியும்! குளிப்பாட்டிக் கபன் உடுத்தின மணம் எனக்குத் தெரியாதா? எங்கட புள்ள இதில கால் வைக்கமாட்டா."

இறந்தவரின் உடலான மையித்தைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் கரைப்பது கற்பூரம். உடலைச் சுற்றும் கபன் துணிக்குக் காட்டுவது சாம்பிராணிப் புகை. கண்டியில் பாதிப் பேருக்குக் கபன் துணி கிழித்துக் கொடுத்த ஹாஜியாருக்கு அது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"வாவிக்கரையால பின்னேரத்தில திரை போட்டுக்கிட்டு மெல்லமாப் போறத நானும் கண்டீக்கிறன்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "பொம்பளையாக்கள் இல்லாம திரை எதுக்கு? அதான் சங்கதி."

பெண்ணின் தகப்பன் ஸெய்னுலாப்தீன் முன்னால் வந்தார். "ஹாஜியார், நீங்க பெரிய மனுஷன். ஒரு வார்த்தை செல்லுங்க. மையித்து ஏத்தினதா?"

"இல்ல."

"அப்ப இந்த மணம்?"

வீரையா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னே வந்தான். "நாந்தாங்க உள்ள சிகரட் குடிச்சேன். அந்த வாடை போகத்தான் மொதலாளி..."

உம்மு குல்சும் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "முன்னுக்கு இருந்து நீ குடிச்ச புகை, கண்ணாடிய ஓட்ட போட்டுக்கிட்டா பின்னுக்குப் போச்சி? போ வாப்பா. ஒனக்குப் பொய் செல்லவும் வராது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். விருந்துக்கு வந்திருந்த நஸீம் சிரிக்கவில்லை. குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சிரித்திருந்தால் ஹாஜியார் தாங்கியிருப்பார்.

தமக்காக இன்னொருவன் ஒரே நாளில் இரண்டாவது முறை தலைகுனிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஹாஜியாரால் முடியவில்லை.

"வீரையா வெத்திலை மட்டுந்தான் போடுவான்" என்றார். "குடிச்சது நான்."

"எத?"

"சிகரட்."

"ஹஜ்ஜுக்குப் போகமுந்தியா, போய் வந்தா?" உம்மு குல்சும் விடவில்லை.

"வந்த பொறகு."

யாரோ இருமினார்கள். அறுபது வயதில் நடுமுற்றத்தில் துணியில்லாமல் நிற்பதுபோல் இருந்தது அவருக்கு. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார்.

உம்மு குல்சும் உள்ளே போய்த் திரும்பி வந்தாள். "புள்ளைட்டக் கேட்டன். மாமனார் சபையில வச்சு உண்மையச் செல்லிட்டாராம், அந்த வீட்டுக்கு வாறதுல அவக்கு ஒண்டும் இல்லயாம். ஆனா கற்பூரத்தோட வரமாட்டாவாம். எங்கட கரத்தையக் கட்டுங்க. அந்தக் காரோட திரையையும் கழட்டுங்க, காத்துப் படட்டும்."

கூடாரம் போட்ட மாட்டுக் கரத்தையில் மணமகளும் பஹ்மியும் முன்னால் போனார்கள். திரையெல்லாம் கழற்றி, கண்ணாடியெல்லாம் இறக்கி, கார் மாட்டு நடைக்குப் பின்னால் ஊர்ந்தது. பின்சீட்டில் உட்கார முடியாமல் ஹாஜியார் வீரையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைவாசல்களில் நின்றவர்கள் கரத்தையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். முதுகை வளைக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மட்டும் எரிந்தது.

"காலையில நான் ஒன்னச் சென்னது பிழை, வீரையா."

"விடுங்க மொதலாளி. கண்ணாடி இருக்கிறத நானும் மறந்துட்டேன்."

மையித்து ஏற்றிய காரென்பதால் அம்பிட்டியப் பெண் அதில் ஏற மறுத்தாளென்று கண்டியில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தக் காரில் ஒருநாளும் மையித்து ஏற்றப்படவில்லை. அதில் சிகரட் குடித்தவர் மஹ்மூத் ஹாஜியார். கற்பூரம் போட்டவரும் அவரே.